பிஸ்கட் டின் சிஸ்டர்

கைத்தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. கிள்ளானில் நான் தாதியாக வேலை பார்த்த தனியார் மருத்துவமனையின் இருதய வார்டுக்குள் அது நுழையாமல் பார்த்துக்கொண்டவர் யாரென்று நன்றாகத் தெரியும். அவரை நாங்கள் ‘சிஸ்டர்’ என்றோம். நோயாளிகள் ‘மிஸ்ஸி’ என்றார்கள். முதுகுக்குப் பின்னால் எல்லோருமே ‘பிஸ்கட் டின்’ என்றோம். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிடும் தைரியம் டாக்டர்களுக்கே வரவில்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வே, அண்ணன்மார் அரசாங்க அலுவலகம், இவர் அரசாங்க ஆஸ்பத்திரி என்று வீடு முழுக்கச் சட்டத்தையே சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு எங்கள் வார்டுக்குத் தலைவியாக வந்து சேர்ந்தார். அன்றோடு எங்களுக்கு ஓய்வு என்பது ஒழிந்தது. காலையில் ரயிலில் வந்து இறங்கி, கஞ்சி போட்ட வெள்ளை உடையில் ஒரு கசங்கல்கூட இல்லாமல் படியேறி வருவார். கிள்ளான் ரயிலில் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு வந்தும் அந்த உடை எப்படிக் கசங்காமல் இருந்தது என்பது எங்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பக்கத்தில் நிற்கவே ஜனங்கள் பயந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

விதி என்றால் எல்லோருக்கும் விதி. சிஸ்டரைப் பற்றி இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தபின், ஆஸ்திரேலியாவிலிருந்து மகன் ஒருவர் விமான நிலையத்திலிருந்து நேராகப் பெட்டியோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே கிடப்பது பெற்ற அப்பா. சிஸ்டர் அவருடைய பெட்டியை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“நாளைக்கு வாங்கோ.”

“சிஸ்டர், ஒரே ஒரு நிமிஷம். அப்பாவ பாத்துட்டுப் போயிடுறேன்.”

“அப்பா நித்திரை. நாளைக்கும் அவர் உங்கட அப்பாதான்.”

அந்த மகன் அழுதுகொண்டே படியிறங்கிப் போனார். நாங்கள் சிஸ்டரை மனத்துக்குள் எந்த அளவு திட்ட முடியுமோ அந்த அளவு திட்டினோம். சத்தமாகத் திட்ட யாருக்கு நெஞ்சுரம்?

இப்படிப்பட்டவருக்குப் புதிதாக ஒரு விதியைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? தொண்ணூறுகளின் நடுவில் அதுவும் நடந்தது. எங்களுக்கு மானிட்டர் விற்ற நிறுவனம், பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டு ஆஸ்பத்திரிக்காரர்களை அழைத்தது. செராஸிலிருந்து வந்த இளம் எஞ்சினியர் ஒருவர் படம் போட்டு விளக்கினார். ஹேண்ட்போன், வாக்கி டாக்கி இவற்றிலிருந்து கிளம்பும் ரேடியோ அலை, பக்கத்தில் இருக்கும் இருதய மானிட்டரைக் குழப்பும், மருந்து ஏற்றும் பம்பை நிறுத்தும், நெஞ்சுக்குள் வைத்த பேஸ்மேக்கரைக்கூடத் தடுமாற வைக்கும் என்றார். இரும்புத் தகடு இந்த அலையைத் தடுக்கும் என்றும் போகிறபோக்கில் சொல்லி வைத்தார். வந்தவர்கள் எல்லோரும் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, இலவசப் பேனாவை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். சிஸ்டர் தடைச் சட்டத்தோடு திரும்பினார்.

எங்கள் இருதய டாக்டர் சிரித்தார். “இதெல்லாம் கம்பெனிக்காரன் புது மெஷின் விக்கிறதுக்குச் சொல்ற கதை லா, சிஸ்டர்” என்றார். அவர் சொல்லி வாய் மூடிய வாரத்திலேயே, கார் நிறுத்தும் தகராறு ஒன்றைச் சொல்ல வார்டுக்குள் வந்த காவலாளி, நோயாளியின் தலைமாட்டில் நின்று வாக்கி டாக்கியை அமுக்கினான். மருந்து பம்ப் கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோனது. அவன் விரலை எடுத்தான். திரும்ப அமுக்கச் சொன்னார் சிஸ்டர், வேறு பம்ப் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அதுவும் நின்றது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, காவலாளிக்குத்தான் ஆனது. டாக்டர் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அவசரமாக வேறு வார்டுக்குப் போக வேண்டியிருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். சிஸ்டர் சொன்னது சரியாகப் போனதுதான் எங்களைப் பிடித்த சனியன். தப்பாகச் சொல்பவரோடு சண்டை போடலாம், சரியாகச் சொல்பவரை என்ன செய்வது?

மறுநாள் வார்டு வாசலில் அந்த டின் வந்து உட்கார்ந்தது. சீனப் புத்தாண்டுக்கு நோயாளி வீட்டார் யாரோ கொடுத்த பெரிய சதுர பிஸ்கட் டின். பிஸ்கட்டை நாங்கள் தின்று தீர்த்திருந்தோம். உள்ளே வருகிற யாராக இருந்தாலும் ஹேண்ட்போனை அதில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். போனில் பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் கட்டில் எண்ணை எழுதுவார். பெயரை எழுதமாட்டார். பெயருக்கு முன்னால் இருக்கும் பட்டங்களை எழுதப் பிளாஸ்திரியில் இடம் போதாது என்பார்.

ஒருநாள் டத்தோ பட்டம் வாங்கிய ஒருவர் நெஞ்சுவலியோடு இருக்கும் தம்பியைப் பார்க்க வந்தார். அந்தக் காலத்து ஹேண்ட்போன், ஏரியலை இழுத்தால் காது கடந்து நிற்கும். அதைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

“நான் யாருன்னு தெரியுமா?”

“தெரியும். ரெண்டாம் கட்டில்” என்று பிளாஸ்திரியைக் கிழித்தார் சிஸ்டர்.

அறுவை சிகிச்சை டாக்டரின் போன் போனது. மேலாளரின் போன் போனது. ஒரு பையன் வைத்திருந்த, தூரத்திலிருந்து ஓட்டுகிற பொம்மைக் காரின் பொத்தான் பெட்டியும் போனது. அவனுக்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை, பிளாஸ்திரி மட்டும் ஒட்டினார். அவன் தாத்தா ஐந்தாம் கட்டில்.

இது வார்டோடு நின்றதா என்றால், இல்லை. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சக தாதி ஒருத்தியின் கல்யாணம். மண்டபத்தில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரைச் சிஸ்டர் கண்டுவிட்டார். முகத்தை வைத்து அடையாளம் கண்டிருக்கமாட்டார், நெஞ்சை வைத்துத்தான். எங்களிடம் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டு போனவர். அந்தப் பெரியவருக்குப் பக்கத்தில் நின்று மாப்பிள்ளையின் சித்தப்பா ஹேண்ட்போனில் ஊருக்கே கேட்கிற மாதிரி வியாபாரம் பேசிக்கொண்டிருந்தார். தாலி கட்டுகிற நேரம். எல்லோரும் அட்சதையோடு எழுந்து நிற்கும்போது, சிஸ்டர் பட்டுப்புடவையில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், சித்தப்பாவின் காதிலிருந்த போனைப் பிடுங்கிவிட்டார். கெட்டி மேளத்தின் சத்தத்தில் அவர் சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை. சித்தப்பாவின் வாய் திறந்தபடியே இருந்தது மட்டும் கல்யாண வீடியோவில் நன்றாகப் பதிந்திருக்கிறது. பெண் வீட்டார் அதை இன்னும் போட்டுப் பார்க்கிறார்களாம்.

வார்டுக்கு வருகிறேன். டின்னை முதலில் வாசலில்தான் வைத்திருந்தோம். போன்கள் பெருகப் பெருக, களவு போய்விட்டால் பதில் சொல்ல முடியாது என்று சிஸ்டர் அதைத் தன் கண்ணெதிரே கவுண்டருக்குக் கொண்டு வந்துவிட்டார். ஆறு கட்டில்களின் இருதயத் துடிப்பும் வரிவரியாக ஓடுகிற பெரிய மானிட்டர் அங்கேதான் இருந்தது. அதன் பின்புறம் வயர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். டின் அதை ஒட்டி உட்கார்ந்தது. போனை அணைத்துவிட்டுக் கொடுங்கள் என்று சிஸ்டர் யாரிடமும் கேட்டதில்லை. அவருக்கு அதை எங்கே அமுக்கி அணைப்பது என்றே தெரியாது. போட்டவர்களும் அணைக்கவில்லை. வியாபாரிக்குப் போனை அணைப்பதும் கடையைச் சாத்துவதும் ஒன்று. இரும்பு அலையைத் தடுக்கும் என்று எஞ்சினியர் சொல்லியிருக்கிறாரே, அது போதாதா? ஏரியல்கள் நீட்டிக்கொண்டு நின்றதால் மூடி சரியாகப் படியவில்லை. சிஸ்டர் மூடியின்மேல் உப்புநீர்ப் பைகள் இரண்டை வைத்து அழுத்தினார். உள்ளே போன்கள் அலறும்போது, “கிடந்து கத்தட்டும்” என்று திருப்தியாகச் சொல்வார்.

அதன் பிறகுதான் மானிட்டருக்குப் பேய் பிடித்தது. பார்வையாளர் நேரம் வந்தால் போதும், ஏதோ ஒரு கட்டிலின் கோடு எறும்பு மையில் விழுந்து ஓடியதுபோல் கிறுக்கும். அலாரம் அடிக்கும். பதறி ஓடினால் நோயாளி கஞ்சி குடித்துக்கொண்டு நாளிதழில் பந்தாட்டச் செய்தி படித்துக்கொண்டிருப்பார். “என்ன மிஸ்ஸி, ஓடி வரீங்க?” என்று நம்மையே கேட்பார்.

சிஸ்டருக்குச் சந்தேகமே இல்லை. யாரோ போனை ஒளித்துக் கொண்டு வருகிறார்கள். சோதனை தொடங்கியது. அடுக்குப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தோம், தலையணை உறையைத் தடவினோம், அம்மாமார்களின் கைப்பைகளுக்குள் விபூதியும் தைலமும் நாறக் கையை விட்டுத் தேடினோம். கிடைக்கவும் செய்தது. ஒருத்தர் சோற்றுப் பொட்டலத்துக்கு அடியில் போனை வைத்திருந்தார். கிடைத்தது எல்லாம் டின்னுக்குப் போயிற்று. டின் நிறைய நிறைய அலாரமும் அதிகமாக அடித்தது. அலாரம் அதிகமாக அடிக்க அடிக்கச் சிஸ்டரும் அதிகமாகத் தேடினார். அலாரம் கேட்டால் கட்டிலுக்கு ஓடுவதற்கு முன் பார்வையாளரைச் சோதிக்கும் புதுமையான இருதய வார்டு மலேசியாவிலேயே எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும்.

நாலாம் கட்டிலில் அப்போது தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் இருந்தார். மாரடைப்பு. கம்பெனி செலவில் வந்திருந்தார். அவர் மனைவி தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். வார்டில் டின்னுக்குள் போட எதுவுமே இல்லாத ஒரே குடும்பம் அதுதான். முதல் நாள் அந்த அம்மா டின்னைக் காட்டி, இது கோயில் உண்டியலா என்று என்னிடம் கேட்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நிரம்பி வழிந்தது. டின்னுக்குள் இரண்டு மூன்று போன்கள் ஒன்றாகக் கத்தின. திரையில் முதலில் மூன்றாம் கட்டில் கிறுக்கியது, அடங்கியது. பிறகு நாலாம் கட்டில் கிறுக்கியது. அலாரம் அடித்தது. ஒரு தாதி எழுந்தாள். சிஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இரும் பிள்ளை. அது போன்தான். ஆர் புதுசா உள்ள வந்தது எண்டு முதல் பாரும்.”

நான் ஆறாம் கட்டில்காரர்களின் அடுக்குப் பாத்திரத்தில் சாம்பாரைத் திறந்துகொண்டிருந்தேன். அப்போது அந்த அம்மாவின் குரல் வார்டையே கிழித்தது.

“மிஸ்ஸி! கண்ணு மேல சொருகுது மிஸ்ஸி! யாராச்சும் வாங்களேன்!”

சிஸ்டர் ஓடினார். அவர் ஓடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கட்டில்மேல் முழங்காலை ஊன்றி ஏறி, அந்த மனிதரின் நெஞ்சை அமுக்கத் தொடங்கினார். மின்சார அதிர்ச்சி கொடுக்கும் கருவியை நாங்கள் தள்ளிக்கொண்டு வந்தோம். டாக்டர் வந்தார். முதல் அதிர்ச்சிக்கு இருதயம் மசியவில்லை. இரண்டாவதற்குத் திரும்பியது. வெள்ளை உடை கசங்கி, கொண்டை அவிழ்ந்து, சிஸ்டர் கட்டிலிலிருந்து இறங்கியபோது, அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறி அழுதார். மறுநாள் கோயிலிலிருந்து விபூதி கொண்டு வந்து சிஸ்டரின் நெற்றியில் தானே பூசிவிட்டார்.

“நீங்க மனுஷி இல்ல மிஸ்ஸி. சாமி.”

மானிட்டர் ஏன் இப்படிக் கிறுக்குகிறது என்று பார்க்க அன்றைக்கே செராஸ் எஞ்சினியரை வரவழைத்தார்கள். முள் ஆடுகிற சின்ன மீட்டர் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் உள்ளே வந்தார். வந்ததும் சிஸ்டர் அவருடைய இடுப்பைப் பார்த்தார்.

“உங்கட போனை முதல் டின்னுக்குள்ள போடுங்கோ.”

“சிஸ்டர், நான் டெஸ்ட் பண்ணத்தானே வந்திருக்கேன்?”

“ஆரா இருந்தாலும்.”

போட்டார். ஒவ்வொரு கட்டிலாக மீட்டரைக் காட்டிக்கொண்டு போனார். முள் அசையவில்லை. சிஸ்டரின் முகத்தில், நான்தான் சொன்னேனே என்ற வெளிச்சம் லேசாக வந்தது. எஞ்சினியர் கவுண்டருக்கு வந்தார். முள் நடுங்கியது. அவர் கவுண்டர் தொலைபேசியை எடுத்து, டின்னுக்குள் கிடந்த தன் போனுக்கே அடித்தார். முள் மீட்டரின் மறுகோடிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. திரையில் மூன்றாம் கட்டிலும் நாலாம் கட்டிலும் கிறுக்கின.

“சிஸ்டர், இந்த டின்ன கொஞ்சம் மாடிப்படி வரைக்கும் எடுத்துக்கிட்டுப் போங்களேன்.”

சிஸ்டர் தூக்கிக்கொண்டு போனார். கோடுகள் சுத்தமாக ஓடின. திரும்பி வரச் சொன்னார். கிறுக்கின. அவர் கேட்காமலே சிஸ்டர் மறுபடி டின்னைத் தூக்கிக்கொண்டு படிவரை போய், மறுபடி வந்தார். டின்னை இறக்கி வைக்கவில்லை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். எஞ்சினியர் தயங்கித் தயங்கி விளக்கினார். நன்றாக மூடிய இரும்புப் பெட்டிதான் அலையைத் தடுக்கும். இது வாய் திறந்த டின். உள்ளே இருக்கிற போனுக்கு வெளியே இருக்கும் சிக்னல் கோபுரம் சரியாக எட்டாது. எட்டாவிட்டால் போன் இருக்கிற சக்தியை எல்லாம் திரட்டி அலையாகக் கத்தும். வார்டுக்கு வந்த எல்லாப் போன்களையும் ஒரே இடத்தில் சேர்த்து, வயர்களுக்குப் பக்கத்தில் வைத்து…

“விளங்குது” என்றார் சிஸ்டர்.

விஷயம் மேலே போனது. டாக்டரும் மேலாளரும் சிஸ்டரை அறைக்குக் கூப்பிட்டார்கள். தேநீர் கொண்டுபோன சாக்கில் நானும் வாசலருகே நின்றேன். டாக்டர் குழைந்தார். ஆள் பிழைத்துவிட்டார், குடும்பம் கும்பிடுகிறது, மெஷின் கோளாறு என்று முடித்துவிடலாம், வெளியே தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பெயர் என்றார். “இந்த ஒரு தடவ விட்டுடுங்க சிஸ்டர்” என்றார் மேலாளர்.

“ஒரு தடவை எண்டு இதுவரைக்கும் நான் ஆரையும் விட்டதில்லையே” என்று சிஸ்டர் எழுந்தார்.

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஊரெல்லாம் விதி பேசியவர், தனக்கு ஒரு தடவை தளர்த்திக்கொண்டால் வானமா இடிந்து விழும்? அவருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. நேரே நாலாம் கட்டிலுக்குப் போனார். பார்வையாளர் நேரம் முடிகிற சமயம். அந்த அம்மா கணவருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“இஞ்ச பாருங்கோ. அண்டைக்கு இவருக்கு அலாரம் அடிச்சது. அது சும்மா போன், போக வேண்டாம் எண்டு பிள்ளையள மறிச்சது நான்.”

“என்ன போன் மிஸ்ஸி? எங்ககிட்டதான் போனே இல்லியே?”

“ஓம், உங்களிட்ட இல்லை. மற்றவையின்ர போனை எல்லாம் வாங்கி மெஷினுக்குப் பக்கத்தில வச்சது நான். அதால மெஷின் ஒவ்வொரு நாளும் பொய்யா அடிச்சுது. உண்மையா அடிச்சதையும் பொய் எண்டு நினைச்சன். நீங்கள் கத்தாமல் விட்டிருந்தா, இவர் செத்திருப்பார்.”

உரித்த சுளை அந்த அம்மாவின் கையிலேயே இருந்தது. படுத்திருந்தவர், “சரி லா, விடு, அதான் நல்லா இருக்கேன்ல” என்று முனகினார்.

“நீங்க சும்மா இருங்க.” அந்த அம்மா சிஸ்டரைப் பார்த்துக் கேட்டார். குரல் ஏறவே இல்லை. “இத ஏன் மிஸ்ஸி எங்கிட்ட சொன்னீங்க? உங்கள நம்பித்தான் நான் ராத்திரியில வீட்டுல போய் தூங்கினேன். இனிமே யார நம்பி இவர இங்க விட்டுட்டுப் போவேன்?”

சிஸ்டர் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. மணி அடித்தது. பார்வையாளர்கள் எழுந்து, பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அந்த அம்மாவும் எழுந்து சேலையைச் சரிசெய்தார். சிஸ்டர் கவுண்டருக்குப் போய்த் தன் நாற்காலியைத் தரையில் தேய இழுத்துக்கொண்டு வந்து, நாலாம் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார்.

“இதில இருங்கோ.”

“மணி அடிச்சிருச்சே மிஸ்ஸி.”

“இருங்கோ.”

இரண்டாம் கட்டிலின் மைத்துனர் வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டார். பல நாள் கோபம் அவருக்கு. “எங்களுக்கு ஒரு சட்டம், அந்தம்மாவுக்கு மட்டும் வேற சட்டமா?” என்று கத்தினார்.

“ஓம். அவவுக்கு மட்டும்” என்றார் சிஸ்டர்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான். அதுவரை பயம்தான் இருந்தது.

கணவர் வீட்டுக்குப் போகும்வரை அந்த அம்மா அந்த நாற்காலியை விட்டு அதிகம் எழுந்திருக்கவில்லை. டாக்டர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார், மேலாளரும் சொல்லிப் பார்த்தார். நாற்காலி அங்கேயே இருந்தது. அந்த அம்மா கணவரையும் பார்க்கவில்லை, மானிட்டரையும் பார்க்கவில்லை. சிஸ்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து அளக்கும்போது, பம்ப்பைத் திருகும்போது, பக்கத்துக் கட்டிலுக்குப் போகும்போது, அந்தக் கண் அவர் கையைவிட்டு நகராது. சிஸ்டர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்து முறைக்கவில்லை. உட்கார நாற்காலி இல்லாமல், தன் வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தார்.